எந்த ஊர் என்று கேட்காமல்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக யாரைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்பார். எந்த ஊருங்க? அந்த ஊரில் யார் வீடுங்க? பெண் எடுத்தது எந்தப் பக்கமுங்க? மூன்றாவது பதில் வருவதற்குள் எதிரில் நிற்பவர் எங்களுக்கு மச்சானாகவோ பங்காளியாகவோ ஆகியிருப்பார். அதற்குப் பிறகுதான் சரக்கைப் பற்றிய பேச்சே ஆரம்பிக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். கடைகிற லேத்து மிஷின் அவர் பக்கம். பில் போடுவது, கூரியர் அனுப்புவது, சொல்லாமல் லீவு போடுகிறவர்களைத் திட்டுவது எல்லாம் என் பக்கம்.

லேத்து வாங்கியது, மகளைப் பள்ளியில் சேர்த்தது, வீடு கட்ட இன்ஜினியர் பிடித்தது எல்லாமே அந்த மூன்று கேள்வியில்தான். பல்லைப் பிடுங்குவதற்குக்கூட அவருக்குத் தெரிந்தவர் கைதான் வேண்டும். நான் கிண்டல் செய்வேன். ஆனால் தெரிந்த இடம் என்றால் எனக்கும் மனசு ஆறிவிடும், அதை எதற்கு மறைக்க வேண்டும்? எங்கள் பக்கத்தில் நம்பிக்கையான ஆள் என்றால் தெரிந்த ஆள் என்றுதான் அர்த்தம். இரண்டும் ஒன்றல்ல என்று எங்களுக்குப் புரியவைத்தவள் எங்கள் மகள். அதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரே பெண். கோயம்புத்தூரில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளி லீவு முடிந்து எல்லாரும் கல்லூரிக்குப் போனார்கள், இவள் போகவில்லை. தலைவலி என்றாள், வயிற்றுவலி என்றாள், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். பகல் முழுக்கப் படுக்கைதான். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். நான் சும்மா இருப்பேனா? திட்டினேன். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். போனை வாங்கிவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சரியாகிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் போனைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

ஒருநாள் காலையில் பிடித்து உட்காரவைத்துத் தலை சீவிவிட்டேன். முடியெல்லாம் ஒரே சிக்கு. இழுத்த இழுப்புக்கெல்லாம் தலை வந்தது, வலிக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்.

"எனக்கு இருக்கவே புடிக்கலைம்மா. காத்தால எந்திரிச்சா, ஐயோ இன்னைக்கும் இருக்கோமேன்னு இருக்குது."

சீப்பு என் கையில் அப்படியே நின்றுவிட்டது. யாராவது ஏதாவது செய்தார்களா, சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஒன்றும் நடக்கவில்லை, ஏன் இப்படி இருக்கிறது என்று தனக்கே புரியவில்லை என்றாள். மீதிச் சிக்கை எடுத்துப் பின்னிவிட்டு எழுந்தேன்.

அன்றே எங்கள் பகுதி டாக்டரிடம் ஓடினேன். சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஊசி போட்டவர். அவர் சுற்றி வளைக்கவில்லை. இது நடிப்பும் இல்லை, சோம்பலும் இல்லை, காய்ச்சல் மாதிரி இதற்கும் வைத்தியம் இருக்கிறது என்றார். இப்படிச் சொல்கிற பிள்ளையைத் தனியாக விடக்கூடாது என்றார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் இருப்பதுதான் தப்பு என்றார். டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி அங்கே மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

மகளிடம் கேட்டேன். கேட்பதற்கு முன் சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனேன். தோன்றும் என்றாள், ஆனால் எதுவும் செய்ய மாட்டேன் என்றாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் முடியவே முடியாது என்றுவிட்டாள். அங்கே போனால் யாராவது தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்களாம். அவள் சொன்னதும் நிஜம்தான். நான் ஒருமுறை தொண்டை வலிக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், டோக்கன் கூப்பிடுவதற்குள் சொந்தத்தில் பாதிப் பேர் வந்து நலம் விசாரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் எனக்குத் தொண்டையில் கட்டி என்று தாராபுரம் வரைக்கும் செய்தி போயிருந்தது.

கடைசியில் அவள் ஒரு வழிக்கு வந்தாள்.

"கம்ப்யூட்டர்ல வேணாப் பேசறேன். ஆனா நமக்குத் தெரிஞ்சவங்களா இருக்கக் கூடாது. நம்ம சொந்தத்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணும்மா."

செய்தேன். அவள் தலையில் கைவைத்துச் செய்தேன்.

டாக்டரிடம் மறுபடி போய்ச் சொன்னேன். ஆரம்பத்துக்கு அப்படியும் பேசலாம், ஆனால் ஆபத்து என்று தெரிந்தால் கம்ப்யூட்டரை மூடிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றார். யாரைப் பிடிப்பது என்று நான் விழித்ததைப் பார்த்து எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். என்ன படித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், பதிவு எண் வாங்கி அரசாங்கப் பட்டியலில் சரிபாருங்கள், பிள்ளை சொல்வதை என்ன செய்வார்கள், ஆபத்து என்றால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள் என்றார். முழுசாகக் குணமாக்கித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள் என்றார்.

பட்டறை ஆபீஸில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். ஒரு பக்கம் லேத்துச் சத்தம், ஒரு பக்கம் மேட்டுப்பாளையம் பஸ்களின் ஹாரன். திறந்த பக்கமெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் என் நம்பரைப் போட்டதும் ஒருவன் கூப்பிட்டுவிட்டான். பேக்கேஜ் இருக்கிறது மேடம், கியாரண்டியாகச் சரியாகிவிடும் மேடம் என்றான். என்ன படித்திருக்கிறீர்கள் என்றால் ட்ரெய்னிங் முடித்திருக்கிறேன் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோட்டாருக்குக் கியாரண்டி கொடுக்கவே நாங்கள் ஆயிரம் யோசிக்கிறோம், நீ மனசுக்குக் கொடுக்கிறாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். இன்னொரு ஆப், வணக்கம் சொல்வதற்கு முன்பே மகளின் போட்டோவையும் கல்லூரிப் பெயரையும் கேட்டது. இன்னொன்றில் கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் அன்பாகப் பதில் வந்தது. நல்ல பெண்ணாக இருக்கிறதே என்று நினைத்தேன். நான் வேறு வேறு கேள்வி கேட்டும் ஒரே வாக்கியம் திரும்ப வந்தபோதுதான் அது ஆளே இல்லை, மெஷின் என்று புரிந்தது. மெஷினிடம் பிள்ளையை விடவா நான் இத்தனை கஷ்டப்படுகிறேன் என்று அதையும் மூடினேன்.

பிறகுதான் கம்ப்யூட்டர் வழியாக மனநல ஆலோசனை சொல்கிற ஓர் அம்மா போனில் கிடைத்தார். பதிவு எண்ணை அவராகவே சொன்னார், சரிபார்த்தேன், சரியாக இருந்தது. குரலில் தேனும் இல்லை, அதட்டலும் இல்லை. டாக்டர் சொன்ன கேள்வி எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். எனக்கு மனசுக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததும் என் வாய் தன்பாட்டில் அடுத்ததைக் கேட்டுவிட்டது, நீங்கள் எந்த ஊருங்க என்று.

"அது வேண்டாமேங்க," என்றார். "உங்க மகளுக்கு நான் யாரோ ஒருத்தியா இருக்கறதுதான் நல்லது."

என் பிள்ளையின் மனசு முழுக்க உனக்கு வேண்டும், உன் ஊர்ப் பெயர் மட்டும் எனக்குக் கூடாதா என்று எனக்குள் குமுறியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஊரைச் சொல்லாதவளிடம் எந்தத் தாய் பிள்ளையை ஒப்படைப்பாள் என்று அன்று முழுவதும் வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

அவர் அதற்குள் ஒரு வேலை செய்திருந்தார். உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் அவருடைய மாமன் மகனைக் கூப்பிட்டு, ஒரு தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு என்று விசாரித்திருக்கிறார். அந்த மச்சானுடைய கொழுந்தியாளின் மருமகள் சென்னையில் இருந்துகொண்டு இதே வேலையைத்தான் கம்ப்யூட்டரில் செய்கிறாளாம். நல்ல படிப்பாம், தங்கமான பிள்ளையாம். அவர் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

"நம்ம சனம் அம்மிணி. இனிப் பயமில்லை," என்றார்.

சத்தியம் ஞாபகம் இல்லாமலா இருக்கும் எனக்கு? இருந்தது. ஆனால் மகள் அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை, இவளுக்கு அவள் யாரோ எவளோதானே, சொல்லாவிட்டால் தெரியவா போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்து கிடந்த மனசுக்கு அந்தச் சமாதானம் போதுமானதாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பேசுவதாக ஏற்பாடு. மகள் குளித்திருந்தாள். அதைப் பார்த்தே எனக்குக் கண் கலங்கியது. லேப்டாப்பை மேஜையில் வைத்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தச் சொன்னாள். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பாதி வெங்காயம்கூட உரித்திருக்க மாட்டேன், அவள் வாசற்படியில் வந்து நின்றாள். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது.

அந்தப் பெண் நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறாள். கூச்சம் போகட்டும் என்று, நம்ம ஊர் மரியாதைப்படி, கூச்சப்படாதே அம்மிணி, நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு, முறைக்கு நான் உனக்கு அக்கா என்று சொல்லியிருக்கிறாள். மகள் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் என்னிடம் சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கூப்பிட்டேன். தட்டினேன். கண்ணு, சாமி, தங்கம் என்று என்னென்னவோ சொன்னேன். உள்ளே சத்தமே இல்லை. ஜன்னல் பக்கம் ஓடினால் உள்ளே திரை. போனில் அவரைக் கூப்பிட்டு என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பட்டறையில் போட்டது போட்டபடி, கையில் ஆயில் பிசுக்கோடு வந்தார். ஒரு இரும்புக் கம்பியைக் கதவு இடுக்கில் கொடுத்து நெம்பினார். ஸ்க்ரூவெல்லாம் சட்டத்திலிருந்து பிய்ந்து தரையில் சிதறியது. அந்தக் கதவு திறக்கும் நேரத்துக்குள் நான் வேண்டாத சாமி இல்லை.

கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சாகலை. போங்க."

அவர் போகவில்லை. கையிலிருந்த கம்பியோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மகள் அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"எனக்குன்னு ஒரு வெளியாள்கூடக் கெடைக்க மாட்டாங்களாப்பா?"

அவர் கைகளைப் பார்த்தபடி தலை குனிந்துகொண்டார். நான் தரையில் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கினேன்.

அத்தோடு விட்டதா? அந்த வாரக் கடைசியிலேயே தாராபுரத்திலிருந்து அவருடைய தங்கை அண்ணிக்காரி என்னைக் கூப்பிட்டாள். ஏனுங் நங்கையா, புள்ளைக்கு என்னமோ மனசு செரியில்லைன்னு சொல்றாங்களே, ஜாதகம் கீதகம் பார்த்தீங்களா, நாளைக்கு ஒரு இடத்துல பேச்செடுக்கணுமில்லீங்களா என்றாள். உடுமலைக்குச் சொன்ன "தெரிந்த வீட்டுப் பிள்ளை" தாராபுரம் போவதற்குள் எங்கள் பிள்ளையாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், ஏன், உங்க ஊட்ல ஒருத்தருக்கும் காய்ச்சலே வந்ததில்லீங்களா என்று கேட்டுவிட்டு வைத்தேன். அவர் எதிரில்தான் இருந்தார். தங்கையைப் பேசியதற்கு வேறு நாளாக இருந்தால் முகம் சுருங்கும். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், சட்டத்தில் பிய்ந்த இடத்தை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டவில்லை.

ஊரைச் சொல்லாத அந்த அம்மாவை மறுபடி கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் எங்களைக் குற்றம் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மகள் இப்போது பக்கத்தில் யாரோடு இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஒன்று சொன்னார்.

"உங்க மக எங்கிட்ட சொல்றது எதையும் நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேங்க. நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும் உங்களைக் கூப்பிடுவேன். அதையும் அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்."

வீட்டுக்காரர் போன் பக்கம் குனிந்தார். "ஏனுங்க, நீங்க…" என்று ஆரம்பித்தார். தொடையைக் கிள்ளலாமா என்று பார்த்தேன். அந்த வாயில் முப்பது வருஷமாக அடுத்து வரும் வார்த்தை எனக்குத் தெரியாதா? அவர் எச்சிலை விழுங்கினார்.

"நீங்க… சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று அந்த அம்மா சொன்னார். முதல்முறையாக அவர் குரலில் சிரிப்பு இருந்தது.

மகளிடம் நான் போய்ச் சொன்னேன். இவர் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது, யாரையும் கேட்கவும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அப்பா கேட்காமல் இருப்பாரா என்றாள். அவர் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, கேட்கவில்லை கண்ணு என்றார். வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லேப்டாப்பை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

சனிக்கிழமை தோறும் மத்தியானம் பேச்சு. பேச்சு காதில் விழாத தூரத்தில் நாங்கள் இருக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் கண்டிப்பு. நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன், துணி காயப்போடுகிற சாக்கில். போன் கையிலேயே இருக்கும். அது அடிக்காமல் இருந்தால் என் பிள்ளை இன்னும் ஆபத்தில் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. பெற்றவளுக்கு எத்தனை கொடுமை பாருங்கள். என்ன பேசுகிறாள், என்னைப் பற்றிப் பேசுகிறாளா, திட்டுகிறாளா, அழுகிறாளா, ஒன்றும் தெரியாது. காஸ் சிலிண்டர்க்காரன் கூப்பிட்டால்கூடத் துணியைப் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடுவேன். ஒருமுறை வீட்டுக்காரரே பட்டறையிலிருந்து கூப்பிட்டு, ஒன்றும் போன் வரவில்லையே என்று கேட்டார். இந்த நேரத்தில் எனக்குப் போன் செய்தால் லேத்தோடு சேர்த்துப் பூட்டிவிடுவேன் என்று கத்தினேன்.

நாலைந்து சனிக்கிழமை போனது. மகள் தானாக எழுந்து தோசைக்குச் சட்னி அரைத்தாள். டிவியில் எதையோ பார்த்து ஒருமுறை சிரித்தாள். சரியாகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மாடியில் போர்வையை உதறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த நம்பர்தான்.

போர்வை கைநழுவிக் கீழே விழுந்தது. எடுக்கப் பயமாக இருந்தது, எடுத்தேன்.

"பயப்படாதீங்க. உங்க மக என் முன்னாலதான் இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடறேன். நீங்க கீழ போய் அவங்க பக்கத்துல உக்காருங்க, அப்புறம் பேசலாம்."

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மகள் மேஜைக்கு முன்னால் இருந்தாள், முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் அந்த அம்மாவை அன்றுதான் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு சாதாரணப் பெண்பிள்ளை. பழக்கதோஷம், அந்த நேரத்திலும் பின்னாலிருந்த சுவரில் ஊர் தெரிகிறதா என்று என் கண் தேடியது. வெறும் வெள்ளைச் சுவர்.

அவர் நிதானமாகச் சொன்னார். அந்த எண்ணம் இந்த வாரம் அதிகமாகியிருக்கிறது. அதை மகளே வாய்திறந்து சொன்னது பெரிய விஷயம். வீட்டிலிருக்கும் மாத்திரைகள், தோட்டத்துக்கு வாங்கி வைத்த மருந்து எல்லாம் இன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும். அவளை ஒரு நிமிஷமும் தனியாக விடக்கூடாது. நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அங்கே டாக்டரிடம் தானும் பேசுவதாகச் சொன்னார். மகளின் சம்மதத்தோடுதான் இதையெல்லாம் சொல்கிறேன் என்று மறுபடியும் சொன்னார். மகள் தலையாட்டினாள்.

வீட்டுக்காரர் வந்து, பேசாமல் எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையில் போட்டு, எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அங்கே தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என்று கேட்டாள். அப்பா பார்த்துக்கொள்வார் என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்கே தெரியாது. காரில் வழி முழுக்க அவள் கை என் மடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தோம். மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து கும்பிட்டார். எந்தச் சாமிக்கு நான் என்ன குறை வைத்தேனோ. வீட்டுக்காரருக்கு மச்சான் முறையாகிறவர், மகளுக்கு மாமா. எந்த வீட்டு விசேஷமென்றாலும் முதல் பந்தியில் இருக்கிறவர். மகளின் விரல் என் கையில் ஜில்லிட்டது. அவர் மனநலப் பிரிவு என்ற போர்டைப் பார்த்தார், எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். தான் யாரையோ பார்க்க வந்ததாகச் சொன்னார். அவர் சட்டைப் பையில் நாங்கள் வாங்கின அதே மஞ்சள் டோக்கன் எட்டிப் பார்த்தது. பிறகு கேட்டேவிட்டார்.

"ஏனுங் மாப்ள, யாருக்குங்க?"

"எனக்குத்தானுங்க," என்றார் வீட்டுக்காரர்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். ஊரில் தலை நிமிர்ந்தே நடந்த மனுஷன். சொந்தத்தில் ஒரு சொல் வரக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் பார்த்துப் பார்த்து இருந்தவர். கொஞ்ச நாளாகத் தூக்கமில்லைங்க, மனசு ஒரு நிலையில் இல்லைங்க, அதுதான் புள்ளை கூட்டி வந்தாள் என்று அந்த ஹாலில் நின்று தெளிவாகச் சொன்னார். குரலில் நடுக்கம் இல்லை.

மகள் என் கையை விட்டாள்.

"இல்லீங் மாமா. எனக்குத்தான்."

சொல்லிவிட்டு அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு, உட்காரு கண்ணு என்றார். அதற்குள் நர்ஸ் எங்கள் நம்பரைக் கூப்பிட்டாள். மகள் அப்பாவின் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டாக்டரு எந்தூருங்க? நம்ம பக்கமுங்களா?"

வீட்டுக்காரர் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாதுங்க. கேக்கலை."